ஊசியும் சாசனமும்

ஒரு கைத்தொழிலுக்கு அரசாங்கத்தின் முத்திரை கிடைத்துவிட்டால் அது பிழைத்துவிடும் என்று நம்மவரில் பலர் நம்புகின்றனர். லண்டன் மாநகரத்துச் சித்திரத் தையற்காரர் சங்கத்தின் சரித்திரம் இந்நம்பிக்கைக்கு விரோதமாகவே சாக்ஷி சொல்லுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பட்டு நூலாலும் பொற்சரிகையாலும் இழைத்த இங்கிலாந்தின் பூத்தையல், 'ஆங்கில வேலை' என்றே ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்றிருந்தது. 1246-ல் நான்காம் இன்னொஸெண்டு என்னும் போப்பாண்டவர் அதன் அழகில் மயங்கி, அந்நாட்டு மடாதிபதிகளிடம் கேட்டு வருவித்தார் என்று மாத்யூ பாரிஸ் எழுதி வைத்திருக்கிறார். மூன்றாம் ஹென்றி அரசருக்காக ஊசி பிடித்த மேபல் என்னும் ஸ்திரீயின் பெயர் அரண்மனைக் கணக்குகளில் இன்றும் காணப்படுகிறது.

இத்தனை கீர்த்தியும் ராஜ சாசனத்தால் வந்ததன்று. முதலாம் எலிஸபெத் ராணி சங்கத்திற்குச் சாசனம் அளித்தது 1561-ல்தான். அதற்குள் 1348-ல் தோன்றிய கொள்ளை நோய் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிருந்தது. மதச் சீர்திருத்தத்தால் தேவாலய அங்கிகளுக்கு இருந்த கிராக்கியும் குன்றியிருந்தது. மட்டமான வேலையைத் தடுக்கச் சாசனம் பயன்படலாம். போன கிராக்கியை மீட்டுத் தர அதனால் ஆகுமோ?

கலைக்குப் புத்துயிர் வேறிடத்திலிருந்து வந்தது. 1872-ல் விக்டோரியா வெல்பி சீமாட்டி லண்டனில் தையற்கலைப் பள்ளி ஒன்றை நிறுவினார். வறுமையுற்ற நற்குடிப் பெண்களுக்குக் கண்ணியமான ஜீவனம் அளிப்பதும், அருகிவந்த கலையைக் கற்பிப்பதும் அதன் இரு நோக்கங்கள். 1953-ல் இரண்டாம் எலிஸபெத் ராணியின் முடிசூட்டு விழா அங்கியில் 3,500 மணி நேரத்துக்கு மேல் பூவேலை செய்தது இப்பள்ளியே. சங்கத்தின் மண்டபம் இரண்டாவது உலக யுத்தத்தில் அழிந்தது. சங்கமோ இன்றும் இக்கலையை ஆதரித்து வருகிறது. மண்டபம் போயும் தொழில் போகவில்லை, கற்பிப்போர் இருந்தனர்.

நம் தேசத்திலும் இப்பாடத்திற்கு இடமுண்டு. லக்னோவின் சிக்கன் வேலைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ஒருவகைச் சாசனமே. வேற்றூர்ச் சரக்கு அப்பெயரில் விற்பனையாகாமல் தடுக்க அது துணை செய்யும், நல்லதுதான். ஆயினும், வீட்டுத் திண்ணையில் கண் நோகத் தைக்கும் பெண்ணுக்கும் கடைக்காரனுக்கும் இடையே நிற்கும் தரகர்களை அது அகற்றிவிடாது. அவளுக்கு நியாயமான கூலி இல்லையேல், அவள் மகள் ஏன் ஊசி எடுப்பாள்? குறியீடு பெற்றதோடு கடமை தீர்ந்ததென்று இருப்போர், கூலியையும் பயிற்சியையும் பற்றி இன்றே யோசிப்பார்களாக.