பல்கலைக்கழகத்துக்குள் இன்னொரு வாசல்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும், தன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்றது அந்தச் சட்டம். ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டம் தாங்க முடியாமல் போகவே, 2009இல் சட்டத்தைத் திருத்தி, அந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பைச் சுருக்க இடம் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் அது 6 சதவீதமாக இருந்தது. 2026இல் சேருவோருக்கு 5 சதவீதம். ஆனால் சட்டம் தரும் உறுதி பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுகிறது. எந்தப் படிப்பு என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. வணிகம் படிக்க விரும்பும் மாணவரை அதே வளாகத்தில் உள்ள மெக்கோம்ஸ் வணிகப் பள்ளி தனியாகத் தேர்வு செய்கிறது. அங்கே இடம் கிடைக்காதவர் வேறொரு துறையில் சேர்ந்து, பிறகு உள்மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மதிப்பெண் சராசரி வேண்டும், கால்குலஸ் முடித்திருக்க வேண்டும், கட்டுரைகள் எழுதித் தர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் இடம் நிச்சயமில்லை. கவுன்சலிங்கில் கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்தே வாங்கிவரும் நமக்கு இந்த இரட்டை வாசல் புதிது. அதனால்தான், பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் படிப்பும் கிடைத்துவிட்டதாகப் பெற்றோர் பலர் எண்ணிவிடுகிறார்கள்.

இந்த இரண்டாவது வாசலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது இருக்கட்டும், திறந்தும் இருக்கட்டும். ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த மாணவரால் இந்தப் படிப்பை நன்றாக முடிக்க முடியுமா' என்பது ஒன்றுதான். இன்று பெரும்பாலான இடங்களில் கேட்கப்படுவது, 'இவர் அடுத்தவரைவிட எத்தனை புள்ளி மேலே இருக்கிறார்' என்பது. முதல் கேள்வி கல்வி நிறுவனம் கேட்க வேண்டியது. இரண்டாவது கேள்வி, இருக்கும் இடங்களைப் பங்கிடுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் வரிப்பணத்தில் நிற்கும் ஒரு பல்கலைக்கழகம், தானே தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்ட மாணவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு வலுவான காரணம் வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தேர்வில் பெரும் எடை பெறுவது முதலாண்டு மதிப்பெண். அது எதை அளக்கிறது? ஒருவர் நான்கு ஆண்டுகளில் எவ்வளவு கற்றுக்கொள்வார் என்பதைவிட, எப்படிப்பட்ட பள்ளியிலிருந்து வந்தார் என்பதையே அது அதிகம் காட்டுகிறது. அமெரிக்காவில் எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் கால்குலஸ் சொல்லித்தருவதில்லை. பள்ளியிலேயே ஒருமுறை படித்துவிட்டு வந்தவருக்குக் கல்லூரியின் முதல் பருவம் மறுவாசிப்பு. மற்றவருக்கு அது முதல் சந்திப்பு. இருவரும் ஒரே தேர்வை எழுதி ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் ஜாக்கரி ப்ளீமரும் ஆஷிஷ் மேத்தாவும் நான்கு பொதுப் பல்கலைக்கழகங்களின் ஐம்பது ஆண்டுக்கால மதிப்பெண் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தொடக்கப் பாடங்களில் இத்தனை சராசரி இருந்தால்தான் இந்தத் துறை என்று புதிதாக விதிக்கப்பட்ட 29 கட்டுப்பாடுகளை எடுத்துக்கொண்டு, விதி வருவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். கட்டுப்பாடு வந்த துறைகளில் கறுப்பின, ஹிஸ்பானிய, பூர்வகுடி மாணவர்களின் பங்கு சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. கல்லூரிக்கு முந்தைய தயாரிப்பில் இருந்த குறைவே இதை விளக்கப் போதுமானது என்பது அவர்கள் கண்ட முடிவு. பள்ளியில் இருந்த ஏற்றத்தாழ்வைப் பல்கலைக்கழகம் குறைக்கவில்லை. தன் விதியின் மூலம் அதைப் பட்டப்படிப்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர் இழப்பது என்ன என்பதற்கும் இதே இருவரின் இன்னோர் ஆய்வு கணக்குத் தருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில், பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்கத் தொடக்கப் பாடங்களில் 2.8 சராசரி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியவரும் சற்றே தவறியவரும் திறமையில் ஏறக்குறைய சமமானவர்களே. ஒரு வினாத்தாளில் ஓரிரு மதிப்பெண்தான் அவர்களைப் பிரித்தது. ஆனால் தாண்டிப் பொருளியல் படித்தவர்கள், தங்கள் இரண்டாவது விருப்பப் பாடத்தைப் படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட, பணியின் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு 22,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதாவது 46 சதவீதம் அதிகம். இந்தக் கணக்கில் நான் முக்கியமாகப் பார்ப்பது வேறொன்று. இந்தப் பலனைப் பெற்றவர்கள் வகுப்பின் முதல் வரிசைக்காரர்கள் அல்லர். கோட்டின் விளிம்பில் நின்றவர்கள். விளிம்பில் நிற்பவருக்கு அந்தப் படிப்பு ஏறாது, அதனால் பயனில்லை என்ற வாதத்தை இந்த ஒரு எண்ணே தகர்க்கிறது. படிப்பு பொருளியல்தான், வணிகம் அல்ல. ஆனாலும் அங்கிருந்து மாணவர்கள் போய்ச் சேருவது வணிகம், நிதி சார்ந்த வேலைகளில்தான். வணிகப் பள்ளியின் வாசலில் பணயம் வைக்கப்படுவது இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இடம் இருந்தால்தானே தர முடியும் என்பது முதல் மறுப்பு. இது நேர்மையான மறுப்பு. எளிதில் ஒதுக்க முடியாதது. அதே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணினி அறிவியல் துறை பல ஆண்டுகள் தகுதிக்கோடு முறையைத்தான் வைத்திருந்தது. மூன்று அடிப்படைப் பாடங்களில் 3.3 சராசரி எடுத்தவர் யாராயினும் துறைக்குள் வரலாம். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. வகுப்புகள் நிரம்பி வழிந்தன. கடைசியில், 2023இல் சேர்ந்தவர்கள் முதல் அந்த வழி ஏறக்குறைய அடைக்கப்பட்டது. கோட்டை மட்டும் வரைந்துவிட்டு ஆசிரியர்களைக் கூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஆனால் வணிகப் பள்ளிகளின் நிலைமை வேறு. மருத்துவம் போல நோயாளிகளும் மருத்துவமனைப் படுக்கைகளும் அதற்குத் தேவையில்லை; வேதியியல் போல ஆய்வுக்கூடம் தேவையில்லை. நல்ல ஆசிரியர்களும் வகுப்பறைகளும் போதும். வணிகப் பேராசிரியர்களின் சம்பளம் அதிகம் என்பது உண்மை. ஆனால் வணிக மாணவர்களிடம் மற்றத் துறையினரைவிடக் கூடுதல் கட்டணம் வாங்கும் பொதுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆஸ்டின் அவற்றில் ஒன்று. பெருங்கொடையும் இந்தப் பள்ளிகளைத் தேடித்தான் வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஆஸ்டின் வணிகப் பள்ளிக்கு ரெட் மெக்கோம்ஸ் தந்தது 5 கோடி டாலர். 2004இல் மிச்சிகன் பல்கலைக்கழக வணிகப் பள்ளிக்கு ஸ்டீபன் ராஸ் தந்தது 10 கோடி டாலர். இவ்வளவு வருவாய் ஈட்டக்கூடிய துறை, இடம் போதவில்லை என்று சொல்லும்போது, இருக்கும் பணத்தில் எவ்வளவு இடத்துக்குப் போகிறது, எவ்வளவு கட்டடத்துக்கும் பெயருக்கும் போகிறது என்று கேட்பது நியாயம்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. சேர்ந்த பிறகு மீண்டும் ஒரு போட்டி வைப்பது மாணவரை வதைக்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடலாம் என்கிறார்கள். பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளி நெடுங்காலம் இரண்டாமாண்டில் மாணவர்களைத் தேர்வு செய்து, கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டும் கற்பித்து வந்தது. 2024 முதல் பள்ளி முடித்து வருபவர்களை நேராகச் சேர்க்கும் நான்காண்டுப் படிப்புக்கு மாறியது. மிச்சிகனின் ராஸ் பள்ளி அதற்கு முன்பே அந்த வழிக்கு வந்துவிட்டது. நம் நாட்டிலும் இதன் எதிரொலி உண்டு. முதலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டு பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளும் வசதியை, மாணவர்களின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டிச் சில ஐஐடிகள் நிறுத்திவிட்டன. அழுத்தம் உண்மை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் வாசலை அடைத்தால் அழுத்தம் மறைவதில்லை. பதினேழு வயதுக்குத் தள்ளப்படுகிறது. அந்த வயதில் பட்டியலின் உச்சியில் நிற்பவர் பெரும்பாலும் வசதியான பள்ளியும் வழிகாட்டும் வீடும் வாய்த்தவர். கணக்கியல் என்றால் என்ன, சந்தை எப்படி இயங்குகிறது என்று முதன்முதலாகக் கல்லூரியில் கேட்டு, இதுதான் என் பாதை என்று உணரும் மாணவருக்கு அந்த முறையில் வழி மிகவும் குறுகிவிடுகிறது. பல துறைகளை ஒரே வளாகத்தில் வைத்திருப்பதன் பயனே, அவற்றைப் பார்த்த பிறகு மாணவர் மனம் மாறலாம் என்பதுதான்.

மூன்றாவது மறுப்பு தகுதியின் பெயரால் வருவது. அதிக மதிப்பெண் எடுத்தவருக்கு முதலில் தருவதில் என்ன தவறு? 3.9 எடுத்தவருக்கும் 3.8 எடுத்தவருக்கும் இடையில் உள்ள தூரம், இருவரும் தேர்ந்தெடுத்த பாடங்கள் வேறு, திருத்திய ஆசிரியர்கள் வேறு என்பதிலேயே அடங்கிவிடும். மேலும், அந்தப் பத்தில் ஒரு புள்ளிக்காக மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கடினமான பாடத்தை ஒதுக்குகிறார். தாராளமாக மதிப்பெண் போடும் ஆசிரியரைத் தேடுகிறார். புள்ளியியலிலோ தத்துவத்திலோ தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டிய ஆண்டில், சராசரியைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிறது. துணிந்து முடிவெடுக்கக் கற்றுத்தரும் ஒரு படிப்பு, துணியாதிருப்பதைத் தன் நுழைவுத் தகுதியாக வைப்பது கல்விக்கே எதிரானது. ஆகவே தகுதிக்கோடு ஒன்று போதும். கோட்டைத் தாண்டியவர்கள் இடங்களைவிட அதிகமாக இருந்தால், குலுக்கல் வைக்கலாம். இது கேள்விப்படாத யோசனை அல்ல. நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கே பல பத்தாண்டுகள் குலுக்கல் இருந்தது. 2017இல் அதைக் கைவிட்டு மாணவர் தேர்வுக்கு மாறிய அந்த நாடு, 2023 முதல் மீண்டும் அதை அனுமதித்திருக்கிறது. குலுக்கலில் தோற்றவர், தான் தகுதியற்றவர் என்ற முத்திரையைச் சுமந்து திரும்ப வேண்டியதில்லை.

வணிகப் பட்டம் இல்லாவிட்டால் என்ன, பொருளியலோ கணிதமோ படித்தும் அதே வேலைக்குப் போகலாமே என்பது கடைசி மறுப்பு. போகலாம், போகிறார்கள். ஆனால் பாதை சமமாக இல்லை. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வேலைவாய்ப்பு அலுவலகம் பள்ளிக்குப் பள்ளி தனித்தனியாக இருக்கிறது. நிறுவனங்கள் முதலில் வந்து நிற்பது வணிகப் பள்ளியின் அலுவலகத்தில்தான். இந்த மறுப்பைச் சொல்பவர்கள் உண்மையிலேயே அதை நம்பினால், அந்த அலுவலகத்தையும் நிதி, கணக்கியல் போன்ற பாடங்களையும் வளாகத்தின் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிடட்டும். பட்டத்தின் பெயருக்கு மட்டுமே போட்டி என்றால், அந்தப் போட்டியின் கூர்மை தானாகக் குறைந்துவிடும்.

அதுவரை, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமா, படிப்பின் பெயருமா? உள்மாற்றம் உண்டா? சென்ற ஆண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் துறையிலேயே நான்கு ஆண்டுகள் மனம் ஒன்றிப் படிக்கப் பிள்ளை தயாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி அலைவது பெற்றோரின் வேலையாக இருக்கக் கூடாது. விண்ணப்ப எண்ணிக்கையையும் தேர்வானவர் எண்ணிக்கையையும் ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகமே வெளியிட வேண்டும். ஒரு மாணவரைத் தகுதியானவர் என்று சொல்லிச் சேர்த்து, கட்டணம் வாங்கி, வகுப்பில் உட்கார வைத்த நிறுவனம், அவர் விரும்பும் படிப்பைக் கற்க முடியுமா என்று சோதிக்கலாம். முடியும் என்று அவர் காட்டிய பிறகு அதை மறுக்கும் உரிமை அதற்கு இல்லை.