அளவறிந்த ஆலை

அந்தமானுக்குச் செல்வோர் பலர் சிறைக்கூடத்தைக் கண்டு திரும்பிவிடுவர். சென்ற விடுமுறையில் நாம் சாத்தம் தீவிலுள்ள அரசாங்க மர அறுவை ஆலையையும் பார்த்து வந்தோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரோடு பாலம் ஒன்றால் இணைந்த சிறு தீவு அது.

1883-இல் தொடங்கிய இவ்வாலையை வனத்துறை நடத்தி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கே குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் காட்டுகின்றனர். நம் வேங்கைக்கு உறவான படாக் மரத்தை ரம்பம் அறுக்கையில் செந்நிறத் தூள் படிகிறது. அறுத்த பலகைகளைக் காற்றுப் புக இடைவெளிவிட்டு அடுக்கி ஈரம் வற்றச் செய்கின்றனர்.

ஆயினும் நம்மைச் சிந்திக்க வைத்தது இயந்திரமன்று. தீவு மக்களின் தேவைக்கு மட்டுமே இயற்கைக் காட்டு மரங்களை வெட்டலாம். தீவுகளிலிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்கு மரம் அனுப்பலாகாது என 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலையின் வேலை சுருங்கிற்று. ஆனால் ஆலை மூடப்படவில்லை. ரம்பத்தின் வலிமை எவ்வளவு என்பதன்று, காடு எவ்வளவு தாங்கும் என்பதே இன்று அங்கு அளவுகோல்.

நம் சங்கங்களில் அளவுகோல் யாது? தறி இருக்கிறது, நூல் கடனாகக் கிடைக்கிறது என்று நெய்து குவிக்கிறோம். கிடங்கில் சேலைகள் தேங்குகின்றன. கடனுக்கு வட்டி ஏறுகிறது. முடிவில் நெசவாளரின் கூலியே நிலுவையில் நிற்கிறது. மோட்டார் இருக்கிறது என்று நீரை இறைத்துத் தள்ளும் விவசாயியின் கிணறும் கோடையில் இவ்வாறே கைவிரிக்கிறது.

"தறியை நிறுத்தினால் கூலிக்கு எங்கே போவது?" என அங்கத்தினர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. தறியை நிறுத்துமாறு நாம் கூறவில்லை. எந்த ரகம் விற்றது, எது தேங்கியது என்ற கணக்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே பேரவையில் வைத்து, விற்கும் ரகங்களுக்கே நூல் வாங்கி, உள்ள வேலையை எல்லாத் தறிகளுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்கிறோம். குறைந்த கூலியாயினும் அது குறித்த நாளில் கைக்கு வரும் கூலியாகும்.

அவ்வாலைக்கு எல்லை வகுக்க நீதிமன்றம் வேண்டியிருந்தது. கூட்டுறவாளராகிய நமக்கு நாமே எல்லை வகுத்துக்கொள்ளும் உரிமை இருக்கிறது. கடன் வகுக்கும் எல்லைக்காகக் காத்திருப்பானேன்?