ஒரு சின்ன வகுத்தல் கணக்கு



போன மாதம் தொலைபேசியில் ஒரு வாசகி. குதிகாலில் வந்த மெலனோமா கட்டியை அகற்றிக்கொண்டவர். "ஆசிரியரே, வகுத்துப் பார்த்தேன், ஆறு வருது. மூணு நாளாத் தூக்கமே இல்லை" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவர் வகுத்தது எதை எதால்? உங்கள் வீட்டில் மடித்து வைத்திருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிரித்துப் பாருங்கள். 'டிஃபரன்ஷியல் கவுன்ட்' என்ற வரியில், பி 64, எல் 32 என்பதுபோல இருக்கும். பி என்பது நியூட்ரோஃபில், எல் என்பது லிம்ஃபோசைட். இரண்டும் வெள்ளையணுக்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2. நலமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 1-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும்.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் புற்றுநோய் மெலனோமா. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து ஆபத்தைக் கணிக்க 1970-இல் வழிகாட்டினார் அலெக்சாண்டர் பிரெஸ்லோ. இன்றும் அந்த அளவைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் அது கட்டியைப் பற்றி மட்டுமே சொல்லும். அதை எதிர்த்து நிற்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி சூடுபிடித்தது 2011-க்குப் பிறகு. அந்த ஆண்டு அமெரிக்காவில் இபிலிமுமாப் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி செல்களின் கடிவாளத்தைத் தளர்த்திவிடும் மருந்து அது. இத்தகைய மருந்துகளுக்கு வழிதிறந்த ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் மருந்து எல்லோருக்கும் பலிக்கவில்லை. சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தக் கணக்குகளைப் புரட்டியபோது, மேலே வகுத்துப் பார்த்த அந்த விகிதம் 5-ஐத் தொட்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தது தெரிந்தது. காரணம் ஓரளவு விளங்குகிறது. அழற்சி கூடும்போது பெருகும் நியூட்ரோஃபில்கள், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கத் துணைபோகும். டி செல்களையும் அடக்கும். கொல்ல வேண்டிய படை குறைந்திருந்தால் கடிவாளத்தைத் தளர்த்தி என்ன பயன்?

அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா? மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அது ஒன்றே போதும், நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கிவிடும். காய்ச்சல், சளி, சீழ்பிடித்த பல் எல்லாமே இந்தக் கணக்கை மாற்றும். எல்லைக்கோட்டை ஓர் ஆய்வு 3-இல் போடுகிறது, இன்னொன்று 5-இல். நோயின் நிலையைத் தீர்மானிக்கும் அட்டவணையில் இந்த விகிதத்துக்கு இடமில்லை. நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற சாயல் இது. ஒருவருடைய ஆயுளை இதில் படிக்க முடியாது. மருத்துவரிடம் பேசுங்கள் என்றேன், பேசினார். மாத்திரை முடிந்தபின் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அன்று இரவு தூங்கினேன் என்று செய்தி அனுப்பினார்.

இந்தக் கணக்கு மெலனோமாவைக் கண்டுபிடித்துத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கண்தான் வேண்டும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தடியிலும்தான் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது. 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. முள் குத்தியது, ஆணி, ரத்தக்கட்டு என்று நினைத்து நாம் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இன்றிரவு படுக்கப்போகும் முன், விளக்கு வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கால்களைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்கு நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்