போன் நம்முடையது, விதி எழுத்தில் இருக்கட்டும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்கா ஒருவர் பாடசாலைக்குக் கீழே உள்ள ரோட்டில் என்னை மறித்தார். மூன்று நாட்களுக்கு முன் தராசடியில் அவருடைய போன் அடித்திருக்கிறது. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனின் அழைப்பு. "வேலை நேரத்தில் என்ன போன்?" என்று அதை வாங்கிக்கொண்டு போய் ஆபிஸில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

"சேர், போனக் குடுத்துட்டாங்க. ஆனா உள்ளுக்குப் பாத்திருக்காங்க. மத்த படமெல்லாம் இருக்கு. தராச புடிச்ச படம் மட்டும் இல்ல."

அந்தப் போனுக்குப் பூட்டு எதுவும் போடப்பட்டிருக்கவில்லை. ஆகவே யார் திறந்தார்கள், யார் அழித்தார்கள் என்று நிரூபிக்க நம்மால் முடியவில்லை. நாம் இதை நிர்வாகத்திடம் கேட்டபோது, "போன் பற்றி எழுத்தில் விதி ஒன்றும் இல்லை, வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறோம்" என்று பதில் வந்தது. எழுதப்படாத விதியின் பேரில் ஒரு தொழிலாளியின் சொந்தப் பொருளை மூன்று நாள் வைத்திருக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேலைத்தலத்தில் போனுக்குக் கட்டுப்பாடே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. ஸ்டோரில் ரோலர் ஓடும்போது ஒரு கையில் போன் வைத்திருப்பவர் மறு கையை இழக்கலாம். மருந்து அடிக்கும் கையால் போனைத் தொட்டால் அதே போனை மாலையில் பிள்ளை வாங்கி விளையாடும். செங்குத்தான மலையில் முகத்தைப் போனில் வைத்துக்கொண்டு நடப்பதும் ஆபத்துதான். இந்த இடங்களில் கட்டுப்பாடு நம்முடைய உயிருக்கும் நல்லது.

ஆனால் மலையில் போனே கூடாது என்பது வேறு கதை. குளவி கொட்டி நம் ஆட்களை இழந்த தோட்டங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். குளவி கிளம்பினால் லொறி வரவேண்டும், ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். மேல்மலையில் இருந்து ஆபிஸுக்கு ஆள் ஓடிப்போய்ச் சொல்லும் காலம் போய்விட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை இன்று போனுக்கும் வருகிறது. கீழே லயத்தில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் விட்டுவிட்டு மலையேறும் தாய்க்கு அந்தப் போன் ஆடம்பரப் பொருள் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் வெளிப்படையாகப் பேசுவோம். தராசில் எத்தனை கிலோ காட்டியது, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், துண்டில் எத்தனை எழுதினார்கள் என்பதற்கு இவ்வளவு நாளும் நம் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. இப்போது ஒரு படம் சாட்சியாக நிற்கிறது. போன் மீது திடீரென்று வந்த கோபத்துக்கு வேலை கெடுவது மட்டும்தான் காரணமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நிர்வாகத்தின் இரட்டை நிலையையும் பாருங்கள். தொழிலாளியின் போன் இடைஞ்சல் என்கிறார்கள். ஆனால் கங்காணியின் சொந்தப் போனில், அவர் காசு கொடுத்துப் போட்ட டேட்டாவில், மலையில் நிற்கும் ஆட்களின் படமும் கொழுந்துக் கணக்கும் தினமும் வட்ஸ்அப்பில் ஆபிஸுக்குப் போகவேண்டும். அந்தப் போன் தொலைந்தால் அதில் உள்ள நம் பெயர்களுக்கும் படங்களுக்கும் யார் பொறுப்பு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அதன் அடிப்படை எளியது. ஒருவரின் விவரத்தை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், பாதுகாப்பாக வைக்க வேண்டும். தேயிலை மலையில் நிற்பவருக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இவை.

1. போன் பற்றிய விதி தமிழில் எழுதப்பட்டு, சங்கத்துடன் பேசி ஒப்புக்கொள்ளப்பட்டு, பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும்.

2. எந்த இடத்தில், எந்த வேலையில் போன் கூடாது என்பது பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். ஸ்டோரில் பூட்டுடன் பெட்டி வேண்டும், திறப்பு தொழிலாளியிடம் இருக்க வேண்டும்.

3. போனை வாங்கி வைத்தால் அன்றே வேலை முடியும்போது திருப்பித் தர வேண்டும். எவரும் அதைத் திறக்கக் கூடாது. கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது.

4. ஒவ்வொரு மலையிலும் அவசரத்துக்கு ஒரு போனாவது இருக்க வேண்டும்.

5. தோட்ட வேலைக்குப் போன் தேவையென்றால் போனையும் டேட்டாவையும் தோட்டமே தர வேண்டும்.

கேட்பது ஒருபுறம் இருக்க, நம் பக்கமும் வேலை இருக்கிறது. பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களின் போன்களைப் பார்க்கிறேன். பாதிப் போனுக்குப் பூட்டு இல்லை. சிலருடைய போன் உறையின் பின்னால் வங்கி அட்டையும் அதன் இரகசிய இலக்கம் எழுதிய துண்டும் ஒன்றாக இருக்கின்றன. அந்தத் துண்டை இன்றே கிழித்துப் போடுங்கள்.

போனுக்கு ஆறு இலக்கப் பூட்டு போடுங்கள். பிறந்த ஆண்டையோ 123456 என்பதையோ வைக்காதீர்கள். *#06# என்று அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க எண்ணை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அது வேண்டும். சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய கங்காணியின் பெயரிலோ கடைக்காரரின் பெயரிலோ இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சேமலாப நிதிக் காசு வந்திருக்கிறது, குறுஞ்செய்தியில் வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் வெட்டிவிடுங்கள். எந்த வங்கியும் அந்த இலக்கத்தைக் கேட்காது. ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று வரும் அப்பைப் போடுவதற்கு முன் யோசியுங்கள். உங்கள் போனில் உள்ள பெயர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, கட்டத் தவறினால் அண்ணன், சம்பந்தி, பிள்ளையின் டீச்சர் என்று எல்லோருக்கும் அழைத்து அவமானப்படுத்துவார்கள்.

தராசைப் படம் எடுத்தால் தராசையும் துண்டையும் மட்டும் எடுங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்களின் முகம் அதில் வேண்டாம். எடுத்ததைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். அன்றே தோட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். அந்த அக்கா அப்படி அனுப்பியிருந்தால் அவருடைய சாட்சி இன்று சங்கத்தின் கையில் இருந்திருக்கும்.

அந்த அக்காவின் விடயத்தை நாம் விடவில்லை. எழுத்து மூலம் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போவோம். ஆனால் ஒரு கடிதத்தை விட இருபது தோட்டங்களில் இருந்து ஒரே கோரிக்கை வருவது பெரிது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மேலே உள்ள ஐந்தையும் வாசித்து, தீர்மானமாக எடுத்து, மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். கூட்டத்துக்கு வரும்போது பூட்டுப் போடத் தெரியாதவர்கள் போனையும் கொண்டு வாருங்கள். தெரிந்த பிள்ளைகள் பக்கத்தில் இருந்து போட்டுத் தருவார்கள். இலக்கத்தை மட்டும் அவர்களிடமும் சொல்லாதீர்கள்.