பழைய வண்டியா, பழைய பழக்கமா?



போன வாரம் கல்யாண மண்டப வாசலில் என் 17 வருடச் சின்னக் காரைப் பார்த்துவிட்டு, "இன்னுமா சார் இதை ஓட்டுறீங்க? வித்துட்டுப் புதுசு எடுங்க" என்று நாலு பேர் சொன்னீர்கள். கணக்கு வாத்தியாரிடம் கணக்குப் போடாமல் பேசலாமா?

6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,450 ரூபாய். வட்டி மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை லட்சம். என் வண்டிக்குப் போன வருடம் கிளட்ச் பிளேட், ரேடியேட்டர், பேட்டரி, முன்பக்க புஷ் எல்லாம் சேர்த்து 27,000. உங்கள் இரண்டு தவணையைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் 5,000. அதுவும் 5 வருடத்துக்கு.

வண்டி வயதாகிக் கெடுவதைவிட நாம் கெடுப்பதே அதிகம். கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே ஊர்ந்தால் பிளேட் தேயும். பிறகு "டப்பா வண்டி" என்று திட்டுவது என்ன நியாயம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதில் ஏர்பேக் இல்லை. அதனால் நெடுஞ்சாலைக்கு எடுப்பதில்லை, வெளியூருக்கு ரயில்தான். குழந்தைகளோடு நாற்கரச் சாலையில் போகிறவர்கள் புதிது வாங்குங்கள். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் நானே காயலான் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

மண்டப வாசலில் கிடைக்கும் மரியாதைக்காக மட்டும் கடன் வாங்காதீர்கள். மாதா மாதம் தவணை கட்டப்போவது அந்த மண்டபம் அல்ல.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்