பாமினிப் பக்கங்களை எப்படி மாற்றுவது?

நம் கழகத்தின் பழைய பாமினி எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். பிஎச்பியில் நான்கு வரி ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை.

பாமினியில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில்தான் 'அ' இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு தேடி மாற்றினால் நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களும் இணைப்பு முகவரிகளும் சிதையும். எச்டிஎம்எல்லின் இடைவெளிக் குறியீடுகூட அரைப்புள்ளியில் முடிவதால் அங்கும் ஒரு மெய்ப்புள்ளி முளைக்கும்! எது தமிழ் என்று காட்டுவது அதைச் சுற்றியுள்ள 'ஃபான்ட்' குறிச்சொல் மட்டுமே. அவையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. டாம் முறை பக்கத்தைக் கிளை கிளையாகப் பிரித்துத் தருவதால், பாமினிக் கிளையின் எழுத்தை மட்டும் தொடலாம்.

டாமிலும் ஒரு தொல்லை உண்டு. பழைய டாம்டாக்குமென்ட், குறியாக்கம் அறிவிக்காத ஒருங்குறிப் பக்கத்தை லத்தீன் என எண்ணிக் குலைத்துவிடும். 2024இல் வந்த பிஎச்பி 8.4இன் புதிய வகுப்பு அதை யுடிஎஃப்-8 என்றே கொள்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். மூலக் கோப்புகளுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூத்தோரின் கவிதைகள் சில வேறெங்கும் இல்லை.