ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 130 கிராம் உப்பு: திருப்பூரின் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ நிஜமாவே ஜீரோவா?

ஒரு கறுப்பு காட்டன் டி-ஷர்ட் சுமார் 200 கிராம் எடை இருக்கும். அதற்குச் சாயம் ஏற்ற எவ்வளவு உப்பு போட்டிருப்பார்கள் தெரியுமா? கிட்டத்தட்ட 130 கிராம். அந்த உப்பு துணியில் தங்காது. மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாய் அளவுக்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் திருப்பூர். அங்கே இப்படி வெளியே வரும் உப்பு எங்கே போகிறது? ஒரு காலத்தில் இதற்குச் சுலபமான பதில் இருந்தது: நொய்யல் ஆறு. இன்றைய பதில் கொஞ்சம் நீளம்.

சாயத்துக்கு உப்பு எதுக்கு?

பருத்தி இழை தண்ணீரில் நனைந்ததும் அதன் மேல் லேசான எதிர்மின் தன்மை வரும். பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின் தன்மை கொண்டவை. அதனால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். இந்தச் சண்டையை விலக்கி, சாயத்தை இழைப் பக்கம் தள்ளுவதுதான் உப்பின் வேலை. பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் பருத்தியோடு வேதியியல் ரீதியாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சாயமும் உப்பும் அலசும் தண்ணீரில் போய்விடும்.

அந்த 130 கிராம் கணக்கு இதுதான். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயக்கரைசல், அடர்த்தியான நிறம் என்பதால் லிட்டருக்கு 80 கிராம் உப்பு. ஆக, கிலோவுக்கு 640 கிராம். சாயமேற்றி, அலசி முடிக்க மொத்தம் 60 லிட்டர் தண்ணீர் செலவானால், வெளியேறும் நீரில் லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு இருக்கும். ஆற்றில் விட அனுமதிக்கப்பட்ட மொத்தக் கரைபொருள் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம்தான். வெளிர் நிறங்களுக்கு உப்பு குறையும், ஆனால் தேவையே இல்லாமல் போகாது.

சாயக்கழிவு என்றதும் எல்லோருக்கும் சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆறுதான் நினைவுக்கு வரும். விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நிறத்தை நீக்க வழிகள் இருக்கின்றன. கழிவைத் தின்னும் பாக்டீரியா உப்பைத் தொடாது.

ஒரத்துப்பாளையம் சொல்லும் கதை

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக, திருப்பூருக்குக் கீழே சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. ‘அணையில் தண்ணீரைத் தேக்காதீங்க’ என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசன அணைக்கு இதைவிட மோசமான சான்றிதழ் இருக்க முடியாது.

வழக்கு நடந்தது. சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றுபோயின. துணி இருந்தது, ஆர்டர் இருந்தது, சாயம் போட இடமில்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

‘ஜீரோ’ எப்படி வேலை செய்கிறது?

முதலில் பாக்டீரியாவை வைத்துக் கழிவைச் செரிக்க வைக்கிறார்கள். பிறகு வடிகட்டல். அடுத்தது ஆர்ஓ. வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் அதே தத்துவம்தான், இங்கே தொழிற்சாலை அளவில். சுமாராக 100 லிட்டர் உள்ளே போனால் 85 முதல் 90 லிட்டர் நல்ல தண்ணீராகத் திரும்பிப் பட்டறைக்கே வரும். அதே தண்ணீரில் அடுத்த லாட் துணிக்குச் சாயம் போடலாம். தண்ணீருக்கு லாரியை நம்பியிருந்த ஊருக்கு இது சின்ன லாபம் இல்லை.

வீட்டு ஆர்ஓவில் ஒதுங்கும் உப்புத் தண்ணீரை நாம் சிங்க்கில் விட்டுவிடுகிறோம். இங்கே அது முடியாது. மீதமுள்ள 10, 15 லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். மிஞ்சும் உப்பில் சோடியம் சல்பேட்டைப் பிரித்தெடுத்தால் மறுபடி சாயத்துக்கே போடலாம். செறிந்த உப்புநீரைச் சுத்தம் செய்து நேரடியாகத் திருப்பி அனுப்பும் முறையும் உண்டு.

அப்போ பிரச்சனை முடிஞ்சுதா?

ஆற்றைப் பொறுத்தவரை பெரிய பங்கு குறைந்தது. ஆனால் ‘ஜீரோ’ என்ற சொல் தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல, அதை முழுக்க ஆவியாக்க ஏழு மடங்கு வேண்டும். ஒரே நீராவியை அடுத்தடுத்த கலன்களில் பயன்படுத்திச் செலவைக் குறைக்கிறார்கள். இருந்தாலும் பாய்லருக்கு விறகோ நிலக்கரியோ போட்டுத்தான் ஆக வேண்டும். ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய சுமையில் ஒரு பகுதி புகைபோக்கிக்கு மாறுகிறது.

இன்னொரு பகுதி மூட்டைகளில் இருக்கிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பையும் சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றையும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. சேற்றை சிமென்ட் சூளைக்கு அனுப்பலாம். கலப்பு உப்பு அப்படி இல்லை. மழையில் நனைந்தால் மறுபடி நிலத்தடி நீருக்கே போய்ச் சேரும். அதனால் கூரை போட்டு, மூட்டை கட்டி, காவல் காக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சின்னத் தகவல். திருப்பூர் நிறுவனங்கள் காற்றாலையிலும் சோலாரிலும் நிறைய முதலீடு செய்திருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் விறகில் ஓடும் பாய்லரின் புகையைக் காற்றாலை குறைக்காது. வெளியேறும் ஆவியை மின் கம்ப்ரசர் மூலம் அழுத்தி, அந்த வெப்பத்தையே திரும்பப் பயன்படுத்தும் ஆவியாக்கிகளுக்கு மாறினால்தான் அந்த மின்சாரம் இங்கே உதவும். ‘நாங்க பசுமை மின்சாரத்தில் ஓடுறோம்’ என்று ஒரு கம்பெனி சொன்னால், அடுத்த கேள்வி ‘நீராவிக்கு என்ன எரிக்கிறீங்க?’ என்பதாக இருக்க வேண்டும்.

மெஷினுக்குள்ளேயே குறைத்தால்?

நிஜமான வித்தியாசம் இங்கேதான். உள்ளே போடாத உப்பை யாரும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. கிலோ துணிக்கு 8 லிட்டர் கரைசல் கேட்கும் மெஷினை மாற்றி 5 லிட்டரில் முடிக்கும் மெஷின் வாங்கினால், நம் டி-ஷர்ட்டின் உப்பு 130 கிராமிலிருந்து 80 ஆக இறங்குகிறது. சூடாக்க வேண்டிய தண்ணீரும் குறைகிறது. குறைந்த உப்பில் ஏறும் சாயங்களும் சந்தையில் இருக்கின்றன. அதைவிட எளிமையானது: உப்பு அதிகமுள்ள சாயக்கரைசலையும் உப்பு குறைவான அலசல் நீரையும் தனித்தனிக் குழாயில் எடுப்பது. இரண்டையும் கலந்துவிட்டுப் பிறகு பிரிப்பதற்குத்தான் செலவு.

உப்பே இல்லாத வழியும் உண்டு. கோல்ட் பேட் பேட்ச் முறையில் துணியைச் சாயத்தில் தோய்த்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, அறை வெப்பத்திலேயே பல மணி நேரம் சுழலவிடுவார்கள். நெசவுத் துணியில் இது நன்றாக நடக்கிறது. இழுத்தால் நீளும் பனியன் துணியில் சுருக்கமும் மடிப்புத் தடமும் விழாமல் செய்வதுதான் கஷ்டம். சிறப்பு மெஷின் வேண்டும்.

பெரிதாகப் பேசப்படாத இன்னொன்று, முதல் முறையே ஷேடு சரியாக வருவது. பையர் ஒப்புக்கொண்ட நிறத்திலிருந்து கொஞ்சம் தப்பினாலும் மறுபடி சாயம், உப்பு, தண்ணீர், நீராவி. அந்தச் செலவு முழுவதும் வீண். நல்ல லேப் டெக்னீஷியன் ஒருவர் சேமித்துக் கொடுப்பது எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் தனி வரியாக வருவதில்லை.

காசு யார் தருவது?

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் புது மெஷின் வாங்கிவிடும். திருப்பூரில் நிறையச் சாயமேற்றல் ஜாப் ஒர்க்காகத்தான் நடக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சிறு பட்டறைக்காரர்தான் சுத்திகரிப்புக் கட்டணத்தையும் சுமக்கிறார். போட்டி நாடுகளில் பல இடங்களில் இந்த அளவுக்குக் கட்டாயம் இல்லை. நம் நாட்டின் வேறு மாநிலங்களிலும் அப்படித்தான். வெளிநாட்டு பிராண்டுகள் விலை பேசும்போது எல்லோரையும் ஒரே தராசில் வைக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது முதலில் அடிபட்ட ஊர்களில் திருப்பூரும் ஒன்று. லாபம் சுருங்கும்போது சுத்திகரிப்பு செலவுதான் முதலில் உறுத்தும். மழை பெய்யும் இரவில் கழிவைத் திறந்துவிட்ட பட்டறைகள் பிடிபடும் செய்திகள் இன்னும் நின்றபாடில்லை.

ஐரோப்பாவிலிருந்து வருவது வேறு வகை அழுத்தம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி, துணி உள்ளிட்ட பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் படிப்படியாக வரப்போகிறது. க்யூஆர் கோடு போன்ற ஒன்றை ஸ்கேன் செய்தால் அந்த ஆடையின் விவரம் தெரிய வேண்டும். அதில் தண்ணீரை மட்டும் கேட்டால் திருப்பூர் தைரியமாக முன்வரிசையில் நிற்கலாம். எத்தனை கிலோ விறகு, எத்தனை மூட்டை கலப்பு உப்பு என்றும் கேட்டால், ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.